வீட்டு லேப்டாப்பில் இசையமைக்க எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

கீபோர்டு ஓரளவு வாசிக்க வரும், விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது, இப்போதைக்குப் பெரிய செலவு வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: ரீப்பர். ஒரு காலத்தில் எல்லோர் கணினியிலும் இருந்த, பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதற்கும் பின்னால் இருப்பவர். எல்லா வசதிகளோடும் 60 நாள் இலவசம். பிடித்துப்போனால் தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் திணறாது. எஃப்எல் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சேமித்து மூடிய பாட்டை மறுபடி திறக்க விடாது. ஒரே மூச்சில் பாட்டை முடிப்பவர் யார்? ஆப்பிள் கணினி உள்ளவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, காசில்லாமல் கிடைக்கும் கராஜ்பேண்டே போதும்.

ரீப்பரின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வாத்திய ஒலிகள் அதனுடன் அவ்வளவாக வராது. பியானோ, வயலின் எல்லாம் விஎஸ்டி என்ற வடிவில் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். இலவசமாகவே நிறைய கிடைக்கின்றன. ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ், இரண்டோடு நிறுத்துங்கள். இறக்கிக்கொண்டே இருந்து கடைசிவரை வாசிக்காமல் போனவர்கள் ஏராளம்.

புதிதாக வருபவர்களை உண்மையில் விரட்டுவது தாமதம்தான். கட்டையை அழுத்தினால் ஒலி கொஞ்சம் கழித்து வரும், தாளம் தடுமாறும், 'நமக்கு வரவில்லை' என்று மூடிவிடுவார்கள். கோளாறு விரலில் இல்லை, பஃபரில், அதாவது ஒலியை வெளியே விடும் முன் கணினி அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடத்தில். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய துண்டு) என்ற கணக்கில், பஃபர் 1024 என்றால் அது மட்டுமே 23 மில்லிவினாடி. 256 என்றால் 6-க்கும் குறைவு. ரீப்பரின் பிரிஃபரன்சஸில் ஆடியோ, அதற்குள் டிவைஸ் பக்கத்துக்குப் போய், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் அது இல்லையென்றால் 'ஏசியோ4ஆல்' இலவசம். வாசிக்கும்போது பஃபரை 256 வையுங்கள், ஒலி படபடவென்று வெடித்தால் 512 ஆக்குங்கள். பதிவு செய்தவற்றின் ஒலி அளவுகளைச் சரிசெய்து கலக்கும் மிக்சிங்கின்போது 1024 இருந்தாலும் பாதகமில்லை. அப்புறம், புளூடூத் ஹெட்போனைத் தொடாதீர்கள், அது வேறு தாமதத்தைக் கூட்டும்.

சரி, நம் சங்கீதம் போட நினைத்தால்? சுருதியில் 1 கட்டை என்பது கீபோர்டின் சி, 2 கட்டை டி, 5 கட்டை ஜி. மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 என்று ரீப்பரில் தாள அளவை மாற்றினால், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் ஒழுங்காகக் கூட வரும். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம்தான் சோதனை. அதற்குக் கீபோர்டில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் பெரும்பாலும் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு என்றுதான் அமைந்திருக்கும். ஸவிலிருந்து பவுக்கு ஜாரு (வழுக்கிக்கொண்டு போகும் கமகம்) இழுக்க ஏழு வேண்டும். வாத்தியத்தின் அமைப்பில் அதை 12 ஆக்கலாம், ஆனால் அப்போது சக்கரம் லேசாக அசைந்தாலே சுரம் எங்கோ போய்விடும். அதனால் நான் சுரத்தை மட்டும் வாசித்துவிட்டு, வாசித்த சுரங்களைத் திருத்தும் மிடி எடிட்டரின் அடிப்பகுதியில் பிட்ச் வரியைத் திறந்து வளைவை மவுசால் வரைவேன். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் காது நன்றாகப் பழகும்.

மைக், அதைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எல்லாம் குரல் பதிவு செய்யும் கட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்குக் கீபோர்டை இணைக்க யுஎஸ்பி கேபிளும் கம்பி வைத்த ஹெட்போனும் போதும்.