ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

வணக்கம்.

எங்களுக்குத் திருமணமாகி எட்டு வருடம். பெரிய சண்டை, சந்தேகம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவரோடு இருக்கும்போது மனசு ஓரிடத்தில் ஊன்றி நிற்பதில்லை. முகம் வாடியிருந்தால் என்னவென்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். திரும்பக் கேட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். எங்கோ படித்துவிட்டு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் மனம்விட்டுப் பேசுவது என்று ஏற்பாடு செய்தேன். மூன்றாவது வாரமே சண்டையாகி நின்றுவிட்டது. அவர் சுபாவம் அவ்வளவுதான் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விடுங்கள். அவர் சுபாவத்தைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் கேட்கக் கேட்க அவர் ஒதுங்குகிறார். அவர் ஒதுங்க ஒதுங்க நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்ற உளவியலாளர்கள் பல வருடம் ஆராய்ந்த சுழல் இது. இதில் பெரும்பாலும் இரண்டு பேருக்குமே பயம்தான். பதில் வந்தால்தான் உங்களுக்கு மூச்சு வரும். வாயைத் திறந்தால் இன்னும் கெட்டுவிடும் என்று அவருக்குப் படுகிறது. இரண்டு மணி நேரக் கூட்டம் அதே துரத்தலுக்கு நேரம் குறித்தது போலத்தான் ஆயிற்று. எழுந்து போக வழியும் இல்லை. சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

(அவருக்கு 'அவாய்டன்ட்', அதாவது நெருக்கத்தைத் தவிர்ப்பவர், என்று பட்டம் கட்டவும் வேண்டாம். அந்தச் சொல் வருவது, குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் உருவாக்கிய கோட்பாட்டிலிருந்து. அதைப் பெரியவர்களின் காதலுக்குப் பொருத்தி ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் 1987-ல் எழுதினார்கள். அது ஒருவரின் போக்கைச் சொல்வது. ஜாதகம் அல்ல.)

நம்பிக்கை பெரும்பாலும் நீண்ட பேச்சில் உருவாவதில்லை. சில விநாடிகளில் உருவாகிறது. போனைப் பார்த்துக்கொண்டே அவர் "இங்க பாரேன், இந்த ஆளு பண்றத" என்கிறார். நீங்கள் துணி மடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வீடியோவில் ஒன்றும் இருக்காது. அவர் கேட்பது உங்கள் கவனத்தை. ஐந்து விநாடி எட்டிப் பார்த்துச் சிரித்தால் அது ஒரு பதில். தலை நிமிராமல் "ம்" என்றால் அது வேறு பதில். "இதை முடிச்சிட்டு வர்றேன்" என்பதும் நல்ல பதில்தான், முடித்ததும் நீங்களாகப் போய்க் கேட்டால். பலர் தவறவிடுவது இந்தத் திரும்பிப் போவதைத்தான்.

உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதியரைக் கவனித்துவிட்டு, ஆறு வருடம் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். சேர்ந்திருந்தவர்கள் இப்படிப்பட்ட சின்ன அழைப்புகளுக்கு 100-க்கு 86 தடவை முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 தடவை. இதை வைத்து வீட்டில் கணக்கு எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் உங்களை எத்தனை முறை கூப்பிடுகிறார் என்பதை ஒரு வாரம் கவனியுங்கள், போதும். "ஒண்ணுமில்ல" என்கிற மனிதர் இப்படி அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

நல்ல செய்திக்கு எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. உளவியலாளர் ஷெல்லி கேபிளின் ஆய்வுகள், துணையின் சந்தோஷத்தை நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதற்கும் உறவின் நலத்துக்கும் நெருங்கிய தொடர்பைக் காட்டின. பதவி உயர்வு என்று அவர் வந்து சொல்லும்போது "அப்ப இனிமே இன்னும் லேட்டாத்தான் வருவீங்க" என்றால் விஷயம் அங்கேயே செத்துப்போகும். "நல்லது" என்று ஒரு வார்த்தையில் முடித்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். "எப்பச் சொன்னாங்க? யார் சொன்னது? உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், அவரே பேசுவார். லேட்டாக வரும் கவலையை மறுநாள் சொல்லலாம்.

இனி, பேச்சைத் தொடங்கும் விதம். "ஏன் இப்படி இருக்கீங்க?" என்பது அவர் காதில் விசாரணையாக விழும். உங்கள் நிலையைச் சொல்லி, அவரால் உடனே செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "இன்னிக்குப் பூரா உங்களோட பேசவே முடியல, பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க." எதிரெதிரே உட்கார வேண்டாம். நடந்துகொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ பேசினால், கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குகிறவர்களுக்குச் சுலபம். தினமும் 15, 20 நிமிடம் போதும். உங்கள் இருவரைப் பற்றியும் அப்போது பேச வேண்டாம், வெளியில் நடந்ததைப் பற்றி மட்டும். கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. "உங்க மேனேஜர் சொன்னதும் ஒருவிதத்துல நியாயம்தானே" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அப்புறம் ஒரு மாதத்துக்கு ஆபீஸ் விஷயம் வீட்டுக்கு வராது.

அவர் எழுந்து போவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் பெரும்பாலோருக்குச் சொல்வது காதில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். குறை எங்கே என்றால், எப்போது வருவார் என்று சொல்லாமல் போகிறார். சண்டை இல்லாத ஒரு நாளில் இரண்டு பேரும் இப்படி முடிவு செய்துகொள்ளுங்கள்: போகிறவர் "அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், திரும்ப வந்து பேச்சைத் தொடங்குவதும் அவர் பொறுப்பு. இருக்கிறவர் பின்னாலேயே போகக் கூடாது. அந்த அரை மணி நேரத்தில் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது.

மன்னிப்புக் கேட்கும்போது செய்ததைச் சொல்லுங்கள், அது அவரை என்ன செய்தது என்று சொல்லுங்கள், அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா" என்று தொடங்கினால் அது அடுத்த வழக்கு. "தப்பா எடுத்துக்கிட்டா சாரி" என்பது மன்னிப்பில் சேராது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்டனையாக நாள் கணக்கில் பேசாமலிருப்பது, உங்கள் போனைச் சோதிப்பது, பணத்தைக் கட்டுப்படுத்துவது, கை ஓங்குவது என்று ஏதாவது இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அப்போது முதல் வேலை உங்கள் பாதுகாப்பு, வெளியாள் உதவி. தூக்கமும் பசியும் கெட்டு அவர் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்திருந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இதெல்லாம் இரண்டு மூன்று மாதம் நடந்தபின் ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பக் கொண்டுவரலாம், இரண்டு மணி நேரமாக அல்ல, 20 நிமிடமாக. உளவியலாளர் ஆர்தர் ஏரன் 1997-ல் வெளியிட்ட சோதனையில், நெருக்கம் வளர்கிறதா என்று பார்க்க, முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராக 36 கேள்விகளோடு 45 நிமிடம் உட்கார வைத்தார். கேள்விகள் லேசாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே மிகக் கனமான கேள்வி வந்திருக்கும், பதில் சொல்ல வேண்டியவர் அவர் மட்டும். இந்த முறை வாரத்துக்கு ஒரே கேள்வி. ஒரு வாரம் அவர் தேர்ந்தெடுக்கட்டும், மறுவாரம் நீங்கள். யார் கேட்டாலும், கேட்டவரே முதலில் பதில் சொல்லுங்கள்.