மெல்பர்னில் கேஸ் இல்லை, ஈசூனில்?

கேள்வி: மெல்பர்னில் மகள் புது வீடு கட்டுகிறாள். கேஸ் இணைப்பே தரமாட்டார்களாம். தோசைக்கல்லை என்ன செய்வது என்று புலம்புகிறாள். இங்கு சிங்கப்பூரிலும் தடை வருமா? பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்தபின் அரசு கட்டித்தரும் வீடு) காத்திருக்கும் மகனுக்கு என்ன சொல்லட்டும்? – ஈசூன் வாசகி

பதில்: மகள் சொல்வது சரிதான் அம்மா. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல், திட்டமிடல் அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது. நெதர்லாந்து 2018லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பெர்க்லி நகரம் 2019இல் தடை போட்டது. உணவகக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

அந்த ஊர்களில் அடுப்புக்குப் போகும் கேஸ் கொஞ்சம்தான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் போடவும்தான் பெரும்பகுதி எரிகிறது. ஆனாலும் சண்டை அடுப்பைச் சுற்றியே நடக்கிறது. ஹீட்டர் மேல் யாருக்குப் பாசம்?

நமக்கு வீட்டைச் சூடாக்கும் வேலையே இல்லை. ஏர்கான் கட்டணம்தான் கவலை. அந்த மின்சாரத்திலும் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்தே வருகிறது. மின்நிலையத்திலேயே வெப்பத்தில் பாதி வீணாகிவிடுகிறது. மீதி மின்சாரமாக வந்து இண்டக்‌ஷனில் ஏறும்போது, நேரே கேஸில் சமைத்த கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2035க்குள் சுமார் 6 கிகாவாட் தூய மின்சாரத்தை வெளிநாடுகளிலிருந்து வாங்க அரசு திட்டமிட்டிருக்கிறது. அது வந்து சேரட்டும், அப்புறம் தடை பற்றிப் பேசலாம் என்பது என் கட்சி.

ஆனால் உங்கள் மகன் சுவரை இடித்துத் திறந்த சமையலறை வைத்து, ஏர்கான் போட்டு ஜன்னலையும் சாத்திவைப்பவர் என்றால் இண்டக்‌ஷனே நல்லது. கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அது மூச்சுக்குழாய்க்கு ஆகாது. எது வாங்கினாலும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அடுப்புக்குத் தனி மின் இணைப்பு இழுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு உடைத்தால் இரட்டைச் செலவு.

மகளிடம் சொல்லுங்கள், இரும்புத் தோசைக்கல் இண்டக்‌ஷனில் நன்றாகவே வேலை செய்யும், அடி தட்டையாக இருந்தால் போதும். எடுத்தவுடன் சூட்டைக் கூட்டக் கூடாது. மிதமாக வைத்துத் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். நடுவில் சுர்ரென்று ஓடி ஓரத்தில் சும்மா கிடந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அலுமினிய இட்லிப் பானை, மண்சட்டி, உருண்டை அடி வாணலி உதவாது. கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பார்க்கட்டும். கத்தரிக்காய் சுடத்தான் வழியில்லை. ஓவனில் வெந்துவிடும், அந்தப் புகை வாசம் வராது. என் வீட்டில் இரண்டு அடுப்பும் இருப்பதே கொத்சுவுக்காகத்தான்.

கேள்வி: புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறோம். கேஸ் இன்னும் வரவில்லை. இண்டக்‌ஷனில் பித்தளைப் பானை வைக்கலாமா? – செங்காங் வாசகர்

பதில்: வைக்கலாம், பால்தான் பொங்காது. காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்புதான் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால் கேன் போடும் சின்ன கேஸ் அடுப்பு இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெரிய பானை மட்டும் வேண்டாம். அது கேன் இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால் கேன் சூடேறி வெடித்துவிடும்.