கெளுத்தி குழப்பம்: கேட்டதும் சொன்னதும்

குடியாத்தம் தம்பி: அண்ணா, மார்க்கெட்ல நாட்டு கெளுத்தினு குடுத்தாங்கோ, வீட்ல பாத்தவங்க ஆப்பிரிக்காதுனு சொல்றாங்கோ, எப்டி கண்டுபுடிக்கிறது?

பதில்: மொதல்ல முதுகப் பாருங்க தம்பி. தலைக்குப் பின்னாடி ஆரம்பிச்ச துடுப்பு வால் வரைக்கும் நீளமா ஓடி, மீசையும் நாலு ஜோடி இருந்தா அது கிளேரியஸ்ங்கிற பேரினம், நம்ம நாட்டு மாகூரும் ஆப்பிரிக்காதும் இதுலதான் வரும். நம்ம ஏரில வர்ற சின்ன கெளுத்திக்கு முதுகுல குட்டைத் துடுப்பு முள்ளோட நிக்கும், அதுக்குப் பின்னாடி சதைத் துடுப்பு ஒண்ணு தனியா இருக்கும், அது மிஸ்டஸ்ங்கிற பேரினம், குடும்பமே வேற. கிளேரியஸ்தான்னா மண்டையோட பின் எலும்பைத் தடவிப் பாருங்க, மாகூருக்கு ஒரே கூரா 'வி' மாதிரி, ஆப்பிரிக்காதுக்கு 'டபிள்யூ' மாதிரி இருக்கும். நிறத்தை மட்டும் நம்பிடாதீங்க, தண்ணிக்குத் தக்கன மாறிடும். ஆப்பிரிக்க கெளுத்தி வளர்க்க 2000லயே தடை வந்துடுச்சு, கையில கெடைக்கிறத எல்லாம் தின்னுடும், ஏரில மட்டும் விட்டுடாதீங்க ப்ளீஸ்.

காட்பாடி காலேஜ் பொண்ணு: சார், பழைய புக்ல நாட்டு கெளுத்திக்கு கிளேரியஸ் பேட்ராகஸ்னு இருக்கு, புதுசுல மாகூர்னு போட்டிருக்காங்க, எது சரி?

பதில்: புதுசுதான்மா. 1758ல லின்னேயஸ்ங்கிற விஞ்ஞானி பேட்ராகஸ்னு பேர் வெச்சப்போ எந்த ஊர் மீனுனு தெளிவா சொல்லல, அதனால தெற்காசியா, தென்கிழக்காசியா மீனெல்லாம் அந்த ஒரே பேர்ல அடைஞ்சு கெடந்துச்சு. 2008ல இங், கொட்டலாட்னு ரெண்டு மீன் ஆய்வாளருங்க ஜாவா மீன் ஒண்ண அந்தப் பேருக்கு உரிய சாம்பிளா நிறுத்தி, பேட்ராகஸ்னா அதுதான்னு கட்டிட்டாங்க. அப்போ கங்கை பக்க மீனுக்கு 1822ல ஹாமில்டன்ங்கிற ஆய்வாளர் வெச்ச மாகூர் பேரே திரும்பி வந்துச்சு. அது இப்ப அழிவு அபாயத்துல இருக்கு, எல்லாம் ஒண்ணுனு இருந்திருந்தா அது கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது.

ஆம்பூர் நண்பர்: இன்னா சார், டிஎன்ஏ எடுத்தா முடிஞ்சுது இல்ல?

பதில்: முடியாதுங்க. டிஎன்ஏ வந்து ஏற்கெனவே டேட்டாபேஸ்ல சேத்து வெச்ச டிஎன்ஏ வரிசையோட ஒப்பிட்டுத்தான் பேர் சொல்லும், அங்கேயே மாகூர் வரிசையை பேட்ராகஸ்னு போட்டு வெச்சிருந்தா உங்க மீனுக்கும் தப்பு பேர்தான் வரும். முழு மீனை சாராயத்துல போட்டு, புடிச்ச எடம் தேதி எழுதி வெச்சா மட்டும்தான் பின்னாடி யாராவது சரிபார்க்க முடியும்.

ராணிப்பேட்டை அக்கா: கெண்டைக்கும் பேர் மாறிச்சாமே?

பதில்: ஆமாங்க, புன்டியஸ்ங்கிற ஒரே பேரினக் கூடையில கெடந்தத 2012ல பெதியகொடங்கிற ஆய்வாளரோட குழு பிரிச்சாங்க, சிலது பெதியா, சிலது டாகின்சியா. பேர் கேட்டு அனுப்புறவங்க மீனை பக்கவாட்டுல துடுப்ப விரிச்சு ஸ்கேலோட போட்டோ எடுத்து போடுங்க, பக்கத்துல கோடா ஓடுற செதில எண்ணிப் பாத்து சொல்றேன்.