மல்கோவா கொட்டையைக் கெடுத்தது குளிரா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. சேலத்தில் அக்கா வீட்டு மல்கோவா கொட்டைகளை ஆனி மாதம் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்துப் பத்திரப்படுத்தினேன். கார்த்திகையில் பைகளில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. குளிர்தான் காரணமா? வண்டியில் கன்று கொண்டுவரும் ஒருவர், ‘குளிர் தாங்கும் மலை ரகம்’ என்று ரம்புட்டான், மங்குஸ்தான் கன்றுகளை அறுநூறு ரூபாய்க்குத் தருகிறார். மூன்றாம் வருடமே காய்க்குமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டுக் கொட்டைக்கு வருகிறேன்.

உங்கள் கொட்டைகள் வெயிலிலேயே செத்துவிட்டன. நெல்லும் துவரையும் காய்ந்தால்தான் விதைக்கு நிற்கும். மா, பலா, பட்டர் ஃப்ரூட், ரம்புட்டான் எல்லாம் நேர் எதிர். ஈரமான காட்டுத் தரையில் விழுந்த கையோடு முளைத்துப் பழகியவை அவை. பருப்பில் ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பெரும்பாலும் கெட்டுவிடும். பழம் தின்ற வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள். மாங்கொட்டையின் ஓட்டைக் கத்தரியால் ஓரமாகப் பிளந்து பருப்பை எடுத்து, வளைந்த முதுகு மேலே வரும்படி மணலும் தொழு உரமும் கலந்த பையில் மேலாக வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும்.

குளிருக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500. கீழே இருப்பதைவிட மேலே ஏழெட்டு டிகிரி குறைவு. கார்த்திகை, மார்கழி மண்ணில் நல்ல கொட்டையே அழுகத்தான் பார்க்கும். மாம்பழம் வரும் வைகாசி, ஆனியிலேயே ஊன்றினால் இந்தச் சிக்கல் வராது.

ஆனால் முளைத்த பிறகு என்ன என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். உங்கள் உயரத்தில் மாமரம் வளரும், தழைக்கும். பூக்கிற நேரம்தான் கஷ்டம். மார்கழி, தை இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் வலுவிழந்துவிடும். மேலே மூடுபனி, பூங்கொத்தில் சாம்பல் நோய். பூ வந்தும் பிஞ்சு நிற்காது. வியாபாரமாக மா வைப்பவர்கள் 600 மீட்டருக்கு மேல் போகத் தயங்குவது இதனால்தான். அதோடு, மல்கோவாக் கொட்டை மல்கோவாவைத் தராது. அது வேறு மரத்து மகரந்தம் கலந்த பிள்ளை. செந்தூராவும் இமாம் பசந்தும் அப்படித்தான். அந்த ருசி வேண்டுமென்றால் ஒட்டு ஒன்றே வழி. ஒட்டு மரத்துக்கும் மேலே அதே குளிர்தான். மல்கோவாவை அக்கா வீட்டிலேயே சாப்பிடுங்கள்.

விதையிலிருந்து தாயைப் போலவே வருகிற பழமும் உண்டு. சேர்வராயன் மலைக்காரர்கள் அதை மறந்துவருவதில் எனக்கு வருத்தம். கமலா ஆரஞ்சைச் சொல்கிறேன். அதன் ஒரு விதையை ஊன்றினால் இரண்டு மூன்று முளை கிளம்பும். அவற்றில் ஒன்று கலப்பில் பிறந்ததாக இருக்கலாம். மற்றவை மகரந்தத்தின் பங்கே இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே எழுந்தவை, அச்சு அசல் தாய். எது எது என்று பிரிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பெரும்பாலும் திடமாக, ஒரே உயரத்தில், ஒரே இலை அமைப்போடு நிற்பவை தாயின் நகல்கள். குட்டையாகவோ கோணலாகவோ இலை மாறியோ வருவதைப் பிடுங்கிவிடுங்கள். நாற்றங்காலில் ஒருமுறை, பையில் மாற்றும்போது இன்னொருமுறை இப்படிக் கழிக்க வேண்டும். கிரீனிங் (ஆரஞ்சு மரத்தின் இலையை மஞ்சளாக்கி மரத்தையே நலியவைக்கும் நோய்) போன்றவை ஒட்டுக்குச்சியோடு பயணிக்கும், விதையோடு அநேகமாக வருவதில்லை. ஆகவே விதைக்கன்று சுத்தமாகத் தொடங்கும், பிறகு பூச்சி கொண்டுவராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. நன்றாகக் காய்க்கும், வயதான, இலை மஞ்சளிக்காத மரம் ஒன்றை உங்கள் ஊரிலேயே தேடிப் பிடியுங்கள். விதையைக் கழுவி நிழலில் ஈரம் போக ஆற்றி, அந்த வாரமே போடுங்கள். காய்ப்புக்கு ஐந்தாறு வருடம் பொறுக்க வேண்டும்.

பலாவையும் கொட்டையிலிருந்தே வைக்கலாம், நேராகக் குழியில். ஆணிவேர் மடங்கக் கூடாது. சுளையின் ருசி எப்படி அமையும் என்பது மரத்துக்கு மரம் மாறும், அவ்வளவுதான். பட்டர் ஃப்ரூட் உங்கள் குளிருக்கு ஏற்றது. ஒட்டுக்கன்றாக, தண்ணீர் தேங்காத சரிவில் வையுங்கள். தேங்கினால் வேர் அழுகும்.

இப்போது அந்த வண்டிக்காரர். மலை ரகம் என்று ரம்புட்டானில் ஒரு ரகமும் கிடையாது. அது கேரளத்தின் புழுக்கத்தில் காய்க்கிற மரம். விதைக்கன்றாக இருந்தால் ஏறக்குறைய பாதி ஆண் மரங்கள், ஆயுசுக்கும் பழம் தராது. வாங்கும்போது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. மங்குஸ்தான் நல்ல இடத்திலேயே விதைக்கன்றாக ஏழெட்டு வருடத்துக்கு முன் காய்க்காது. ‘நீலகிரியிலேயே காய்க்கிறதே’ என்பார்கள். காய்ப்பது கல்லாறிலும் பர்லியாறிலும். ஒன்று மேட்டுப்பாளையத்தை ஒட்டிய அடிவாரம், மற்றது குன்னூர் போகும் வழியில் நடுமலை. இரண்டுமே உங்கள் தோட்டத்தைவிட நன்றாகக் கீழே இருப்பவை. மலை என்ற ஒரே சொல்லை வைத்து எத்தனை குடும்பத்தின் பணத்தைக் கறந்திருக்கிறார்கள்!

இன்னொரு மோசடி, கொட்டைக்கன்றின் தண்டில் பாலித்தீன் நாடாவைச் சுற்றி ஒட்டு என்று விற்பது. நாடாவை அவிழ்க்கச் சொல்லுங்கள். உண்மையான இளந்தண்டு ஒட்டில், குச்சியை ஆப்பு போலச் சீவிக் கன்றின் தண்டில் செருகிய தழும்பு தெரியும், அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமோ பருமனோ மாறும். ‘அவிழ்த்தால் செத்துவிடும்’ என்று பதறுகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தழும்பு ஆறித் தளிர் விட்ட கன்றுக்கு நாடா தேவையே இல்லை.

இவர்கள் பிழைப்பதற்கு நம் ஏற்பாடுகளும் காரணம். மானியக் கன்றுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார் என்று அலையவிட்டு, கன்று வரும்போது மழை ஓய்ந்திருக்கிறது. இலக்கு முடிந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது, கன்று தோட்டத்தில் காய்கிறது. கையில் தரும் பயிர்க் குறிப்போ சமவெளிக்கு எழுதியது. பட்டா சிக்கலில் இருக்கும் மலைக் குடும்பங்கள் வேறு எங்கே போகும்? வீட்டு வாசலுக்கு வரும் வண்டியிடம்தான்.

பட்டர் ஃப்ரூட் ஒட்டுக்கன்றுக்கு ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் வாங்கினால் ரகத்தின் பெயரையும் ‘ஒட்டு’ என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். குழியைச் சித்திரையிலேயே எடுத்து ஆறவிட்டு, ஆனி மழை மண்ணில் இறங்கியதும் நடுங்கள்.