‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: மூன்றே எழுத்துள்ள ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அறுநூறு பொருள் இருக்கிறதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக அதைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் முன்னால் நின்றது.

கேள்வி: அத்தனையையும் எப்படி ஐயா மனப்பாடம் செய்வது?

பதில்: செய்யவே வேண்டாம். தமிழில் கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதையெல்லாம் உங்களுக்கு யாரும் பட்டியல் போட்டுக் கற்றுத்தரவில்லையே! ஒன்று நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் பிடிபட்டால் போதும். ஆறும், குழாய்த் தண்ணீரும், ஒழுகும் மூக்கும், கணினி நிரலும் ‘ரன்’ ஆவது தானாகப் புரியும்.

கேள்வி: ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதில் எது ஓடுகிறது?

பதில்: பள்ளிதான் ஓடுகிறது, அவர் ஓட்டுகிறார். தமிழில் ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ‘ரன்’னுக்குப் பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ‘ஓட்டு’ பக்கம் போகலாம். ஆனால் பள்ளியை நாம் ஓட்டுவதில்லை, நடத்துகிறோம். அவர்கள் ஓட வைப்பதை நாம் நடக்க வைக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது.

கேள்வி: தேர்தலுக்கும் ‘ரன்’ வருகிறதே?

பதில்: அது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். நாமும் தேர்தலில் நிற்கிறவர்கள்தானே.

கேள்வி: ‘ரன் அவுட்’ என்றால் கிரிக்கெட் மட்டுமே நினைவுக்கு வருகிறது.

பதில்: பின்னால் ‘ஆஃப்’ வந்தால் தீர்ந்துபோனது என்று பொருள். ‘ரன் அவுட் ஆஃப் டைம்’ என்றால் நேரம் தீர்ந்துவிட்டது. சரி, கிரிக்கெட் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பந்து எல்லைக் கோட்டைத் தொட்டால், ஆட்டக்காரர் ஓரடி ஓடாவிட்டாலும் நான்கு ‘ரன்’. ஓட்டம் என்ற செயல் மறைந்து, கணக்கு மட்டும் மிஞ்சிவிட்டது. சொற்கள் இப்படித்தான் புதுப் பொருள் சேர்க்கின்றன.

கேள்வி: ‘ரன் இன்டு’, ‘ரன் ஓவர்’ இரண்டும் ஒன்றா?

பதில்: மாற்றிவிடாதீர்கள்! நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தால் ‘ரன் இன்டு’. ‘ரன் ஓவர்’ என்றால் அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டீர்கள்.

கேள்வி: ‘ரன்னிங் எ ஃபீவர்’? காய்ச்சல் ஓடுமா?

பதில்: ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் அடிக்கும். வெயிலும் காற்றும் நாற்றமும்கூட அடிக்கின்றன. தமிழ் கற்க வருபவர் ‘அடி’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டால், அவருக்கும் இதே பதிலைத்தான் சொல்வேன்.