ஷெட் இறவாரம் தொங்குகிறதா? கம்பம் நடும் முன் உள்ளே பாருங்கள்

கேள்வி: மரச்சட்டத்தின் மேல் தகரம் போட்ட ஷெட். முன்பக்கம் கூரை சுவரைத் தாண்டி மூன்று அடி நீண்டிருக்கிறது. அந்த நீட்டல் இப்போது நடுவில் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. ஒரு கம்பம் நட்டு முட்டுக் கொடுத்தால் போதுமா?

போதாது. கம்பம் நட்டால் மேலும் இறங்காமல் நிற்கலாம், ஆனால் எதனால் இறங்கியதோ அது உள்ளே அப்படியே இருக்கும்.

முதலில் நூல் பிடியுங்கள். இறவாரத்தின் இரு கோடியிலும் ஆணி அடித்து நூலை விறைப்பாகக் கட்டினால் எந்தக் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் என்றால் அந்த மரம் இற்றோ வெடித்தோ இருக்கும். எல்லாமே வரிசையாக இறங்கியிருந்தால், ஒன்று மரம் கனம் பற்றவில்லை, இல்லையென்றால் சுவர்மேல் அவற்றைத் தாங்கும் உத்தரமே நடுவில் தொய்ந்திருக்கிறது. உத்தரம்தான் காரணமென்றால் இறவாரத்தைத் தொடவே வேண்டாம், வேலை உத்தரத்தில்.

அப்புறம் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கைமரத்தின் நுனியிலும், அது சுவர்மேல் உட்காரும் இடத்திலும் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளமான சிராயாகப் பிரியும். இற்ற மரம் பொட்டுப் பொட்டாக உடைந்து உதிரும். பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், உள்ளே இற்றுப்போன பிறகும் மேல்தோல் முழுசாக நிற்கும்.

வெளியே நீட்டிய மரத்தைப் பிடித்துவைப்பது அதன் உள்பகுதிதான், ஏற்றப்பலகையின் மறுமுனையில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல. அதனால் கைமரத்தைப் பலப்படுத்த அதன் பக்கத்தில் கூடுதல் மரம் சேர்க்கும்போது வெளியே மூன்று அடி என்றால் உள்ளே குறைந்தது ஆறு அடியாவது போகட்டும். நுனியில் மட்டும் இரண்டடித் துண்டு வைத்து ஆணி அடிப்பது பிரயோஜனம் இல்லை, அந்தத் துண்டும் சேர்ந்து தொங்கும். மரத்தைப் படுக்கையாக வைக்காமல் நெட்டாக நிறுத்துங்கள். அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்குதான், உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு.

தூக்கும் வேலையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தரையில் தடித்த பலகை போட்டு அதன்மேல் ஜாக்கி, ஜாக்கி மேல் முட்டு, முட்டுக்கு மேல் எல்லாக் கைமரங்களுக்கும் அடியில் ஓடும்படி ஒரு குறுக்குச் சட்டம், இப்படி வைத்துக்கொண்டு, இறவாரப் பகுதியில் தகரத்தின் ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு, சில மில்லிமீட்டர் ஏற்றி, நிறுத்தி, உள்முனை எழும்புகிறதா, எங்காவது மரம் முறியும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சுற்று. பல வருடமாக வளைந்த மரம் முழுசாக நிமிராது, வற்புறுத்தாதீர்கள். நிமிர்ந்து வருகிற மரமென்றால் நூலுக்குக் கொஞ்சம் மேலே போனபின் நிறுத்துங்கள், முட்டுக்கட்டையை எடுத்ததும் சிறிது இறங்கும். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் நீங்களே துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

சரியான உயரத்துக்கு வந்ததும் புது மரத்தைப் பழைய மரத்தோடு ஒட்டிவைத்து, பெரிய வாஷர் போட்ட போல்ட்டுகளை ஓரடி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக மேலும் கீழும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். வெறும் ஆணி நாளடைவில் இளகிவிடும். கைமரத்தின் உள்முனையையும், அது சுவர்மேல் உட்காரும் இடத்தையும் இரும்புப் பட்டையால் கீழே கட்டுங்கள். இறவாரத்துக்கு அடியில் புகும் காற்று கூரையை மேலே தூக்கும்.

உள்ளே நீள மரம் நுழைக்க இடமே இல்லையென்றால் மட்டும் சுவரிலிருந்து சாய்வு முட்டு கொடுக்கலாம், ஏறக்குறைய 45 டிகிரியில். அதன் கீழ்முனை சுவரை உள்நோக்கித் தள்ளும், ஆகவே தகரத்தில் அல்ல, கெட்டியான தூணில் பொருத்துங்கள்.

கடைசியாகத் தண்ணீர். நுனி இற்றிருந்தால் காரணம் பெரும்பாலும் தகரம் குட்டையாக இருப்பதுதான். மரத்தைத் தாண்டித் தகரம் இரண்டு அங்குலமாவது நீளட்டும், வெட்டிய நுனிமுகங்கள் மற்ற இடங்களைவிட அதிகம் நீர் குடிக்கும், அவற்றுக்கு இரண்டு கை பெயின்ட் அடித்துவிட்டே மேலே ஏற்றுங்கள்.