கூட்டத்தில் கை தூக்கினார்கள், படிவத்தில் கையெழுத்து இல்லை

கேள்வி: மும்பை செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு நான் செக்ரட்டரி. யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பசுமை மின்சாரம் வாங்கலாமா என்று பொதுக்கூட்டத்தில் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கினார்கள். அப்புறம் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நாலைந்து வீடுகள்தான் நிரப்பிக் கொடுத்தன. மற்றவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அவர்கள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்கள். கூட்டத்தில் நீங்கள் கேட்டது விருப்பத்தை. படிவம் கேட்பது காசையும் மெனக்கெடலையும். என் கணிப்பில் பலரைத் தடுப்பது காசைவிட மெனக்கெடல்தான்.

தெற்கு ஜெர்மனியில் 1999-ல் எனர்கிடீன்ஸ்ட் என்ற மின் நிறுவனம் பசுமைத் திட்டம் ஒன்றில் எல்லா வாடிக்கையாளரையும் தானாகவே சேர்த்தது. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் மலிவான சாதாரணத் திட்டத்துக்குப் போகலாம். அப்படிப் போனவர்கள் சுமார் 4 சதவீதம்தான். 90 சதவீதத்துக்கும் மேல் அப்படியே இருந்துவிட்டார்கள். அந்தப் பசுமைத் திட்டமே பழைய கட்டணத்தைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் மலிவானது பக்கத்திலேயே இருந்தும் பெரும்பாலோர் அசையவில்லை.

வீட்டு மீட்டர்களில் உங்களால் அப்படிச் செய்ய முடியாது. அவரவர் கையெழுத்து வேண்டும். பொது மீட்டர் உங்கள் கையில் இருக்கிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் அந்த ஒரே பில்லில்தானே வருகின்றன? ஒரு தீர்மானம் போட்டு அதை முதலில் மாற்றுங்கள்.

வீடுகளுக்கு, தொகையை ரூபாயில் சொல்லுங்கள். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-ல் யூனிட்டுக்கு 66 பைசா கூடுதல் என்று நிர்ணயித்தது. (இப்போதைய விகிதத்தை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) அந்தக் கணக்கில் 300 யூனிட் வீட்டுக்கு மாதம் 198 ரூபாய், மே மாத ஏசியில் 600 யூனிட் ஓடினால் 396. அடுத்த கூட்டத்தில் படிவத்தை அச்சிட்டு, பேனாவோடு கொடுங்கள்.

"அதே கம்பி, அதே கரண்ட்தானே?" என்று ஒருவராவது கேட்பார். ஆமாம், அதேதான். மாறுவது கணக்கு: நீங்கள் செலவழிக்கும் அளவுக்கு நிறுவனம் சூரிய ஒளி, காற்று போன்றவற்றிலிருந்து வாங்கியாக வேண்டும், ஆண்டுக்கொரு சான்றிதழும் தரும். ஆனால் உங்கள் பணத்தால் புதிதாக ஒரு காற்றாலை எழும்பும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்குவது நிறுவனங்களுக்கு எப்படியும் சட்டக் கடமை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி போக, நிழல் விழாத 1,000 சதுர அடி தேறுமா என்று பாருங்கள். அதில் சுமார் 10 கிலோவாட் சோலார் வைக்கலாம். மாதம் ஏறக்குறைய 1,200 யூனிட் கிடைக்கும், மழைக்காலத்தில் குறையும். சொசைட்டிகளின் பொதுப் பயன்பாட்டுக்குப் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. இடம் தேறினால் பொது மீட்டருக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 66 பைசா வீடுகளோடு நிற்கட்டும்.